இன்றைக்கு வலப்பக்கம் மட்டும்

அட்டையில் என் பெயர் டோ ஏ நுவே.
வாயைத் திறந்தால் செகதாம்பாள்.
அந்த வாயைத்தான்
தாமுவே சந்தைக்குப் பின்னால், மாடியறையில்,
இன்னும் பெரிதாய்த் திறக்கச் சொல்கிறார்
டாக்டர் தந்தா.

மெல்லிய கம்பி, முனையில் கோடு கோடாய்.
ஜெனரேட்டரில் டீசல் எவ்வளவு என்று
குச்சி விட்டுப் பார்ப்பார்களே, அப்படி
ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கிப் பார்க்கிறார்.
அவர் சொல்லச் சொல்லச் சின்னப் பெண் எழுதுகிறாள்:
தோன், ஹ்னி, தோன், ஹ்னி,
லே,
சவுக்,
குன்னி.

மூன்றுவரை பரவாயில்லையாம்.
ஆறும் ஏழும் பை.
எனக்குத் தெரியாமல் என் ஈறு
தனக்கென்று ஒரு சுருக்குப்பை தைத்து வைத்து
இருபத்திரண்டு வருஷமாய்ச் சேர்த்திருக்கிறது:
பாக்குத்தூள், சீழ்,
கல்லாகிப்போன எச்சில்.

காரை என்கிறோம் தமிழில்.
சுவரில் பூசுவதும் அதுதான்.
நாளைக்கு நானூறு வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுகிறவள் நான்.
பதம் பார்க்கப் போட்டது,
தூக்கம் வராமலிருக்கப் போட்டது,
கணக்கு உதைத்த ராத்திரிகளில்
ஒன்றின் மேல் ஒன்றாய்ப் போட்டது
எல்லாம் சேர்ந்து பல்லைச் சுற்றி
மதில் எழுப்பியிருக்கிறது.
கொத்தனார் கூலி கேட்கவில்லை.

ஊசி. பிறகு இன்னொரு ஊசி.
உதடு என்னுடையதில்லை என்று ஆகும்வரை
கூரையில் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பேரில் மட்டும் பல், அதற்கு.

மெஷின் கீச்சிட்டது. தண்ணீர் தெறித்தது.
சிவப்பாய் வழிவது வெற்றிலையா நானா என்று
உறிஞ்சுகிற குழாய்க்கும் தெரிந்திருக்காது.
அப்போது கரண்ட் போயிற்று.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ரங்கூனில் இதற்கெல்லாம் யார் என்ன சொல்வது.
சின்னப் பெண் போன் விளக்கைப் போட்டு
என் முகத்துக்கு மேல் பிடித்தாள்.
கொக்கி மாதிரி ஒன்றை எடுத்து
கையாலேயே சுரண்ட ஆரம்பித்தார் டாக்டர்,
வேர்வரைக்கும்.
வலிக்கவில்லை. கேட்டது.
அடிப்பிடித்த பால்சட்டியை மண்டைக்குள் உட்கார்ந்து
யாரோ தேய்க்கிற சத்தம்.

நா லா? என்றார். வலிக்கிறதா.
ஹ்ஹா என்றேன்.
எந்த மொழியிலும் இல்லை அது.

குருணை அளவில் கறுப்பாய் ஒன்று
பெயர்ந்து தட்டில் விழுந்தது, டிங்.
காட்டினார்.
பல் ஆடுமே என்று கேட்க வாய் இல்லை.
கேட்காமலே சொன்னார்:
ஆடும், கொஞ்ச நாள்.
இதுவரை காரை பிடித்துக்கொண்டிருந்தது,
இனி ஈறு பிடிக்கவேண்டும்.
அதற்கு நாள் கொடுங்கள், குன்யா கொடுக்காதீர்கள்.

விற்கலாமா என்று நான் கேட்கவில்லை.
பாதி வாயால் கேட்கிற கேள்வியா அது.

அடுத்த செவ்வாய் இடப்பக்கம்.

கடைக்கு வந்து பலகையைத் தூக்கி உட்கார்ந்ததும்
ரெண்டு நம்பர் எழுதுகிறவன் வந்துவிட்டான்.
அக்கா, இன்றைக்கு?
வலக்கன்னம் தொங்க, இடக்கன்னத்தால் சொன்னேன்:
அறுபத்தேழு. ஆயிரம் கியாட்.
கனவில் வந்ததா என்றான்.
சிரித்தால் எச்சில் வழியும். சிரிக்கவில்லை.

நாலரை மணிக்கு விழுந்தது
முப்பத்திரண்டு.
அதையும்தான் சொன்னார் டாக்டர்,
ஒன்றுக்கு இரண்டு தடவையாய், முதலிலேயே.
நல்ல எண்ணை யார் காதில் வாங்குகிறோம்.

ராத்திரி முழுக்க நாக்கு
போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது.
வலப்பக்கம் புதுசாய்ச் சந்து, சந்துக்குள் காற்று,
குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர்.
இடப்பக்கம் பழைய சுவர், அப்படியே.
விடியும்போது அங்கே போய்ப் படுத்துக்கொண்டது.

காலையில் முதல் ஆள் சைக்கா ஓட்டுகிற கோ பா.
மூணு குன்யா, சுண்ணாம்பு தூக்கலாய்.
குறைத்துத்தான் தடவினேன்.
எட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் என்றான்.
அவன் பல்லைப் பார்த்தேன்.

தடவினேன்.